கால் சதவீதமும் நாலரை ஷிப்டும்

2025 நவம்பர் 12ஆம் தேதி மாலை. அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். 2025 அக்டோபர் மாதத்துச் சில்லறை விலைவாசி உயர்வு 0.25 சதவீதம்தான், அப்போதைய கணக்கு வரிசையில் இவ்வளவு குறைவாக எந்த மாதமும் வந்ததில்லை என்று செய்தியில் வாசித்தார்கள். அம்மாவின் கை நின்றது.

"கால் பர்சென்ட்டா? அப்புறம் நம்ம நோட்டு ஏன் கண்ணு இப்படி இருக்குது?"

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த வருடத்திலிருந்து அம்மா வரவு செலவு எழுதுகிறார். நீள நோட்டு, வருடத்துக்கு ஒன்று. பழையவை எல்லாம் பரண் மேல் அடுக்கியிருக்கின்றன. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த காலத்தில், சனிக்கிழமை இரவு சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் நோட்டைத்தான் திறப்பார்கள். நான் இன்றைக்கு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

அதற்கு அடுத்த வாரம் பின்பக்க லைன் வீட்டில் குடியிருக்கிற டெய்லர் அண்ணன் வந்தார். கையில் தினசரி. "ஏனுங் அம்மணி, நாட்டுல வேலையில்லாதவங்க அஞ்சு பர்சென்ட்டுதான்னு போட்டிருக்குது. நம்ம காம்பவுண்டுல பத்து வீடு. எத்தன பேரு வேலையில்லாம உக்காந்திருக்கறோம்னு அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஒரு வார இடைவெளியில் இரண்டு பேர். இருவருமே நான் படித்த படிப்புக்காக என்னிடம் கேட்டவர்கள். சட்டென்று வாயில் வந்திருக்கக்கூடிய பதில் ஒன்று உண்டு: அரசாங்கக் கணக்கெல்லாம் பொய். அதை நான் சொல்லவில்லை, ஏனென்றால் அது சரியில்லை. அந்த எண்களை எப்படி எடுக்கிறார்கள் என்று சில வருடங்களாகவே விடாமல் படித்துவருகிறேன். அவை ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்கள். நாம் மனதில் வைத்திருக்கிற கேள்வி வேறு. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் விலைவாசி. 0.25 என்பது எந்தக் கேள்விக்குப் பதில்? "போன வருடம் இதே மாதம் இருந்த விலையிலிருந்து, இந்த வருடம் இந்த மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது?" அவ்வளவுதான். சாமான் மலிவா என்று அது சொல்லாது. வருமானத்துக்கு எட்டுகிற விலையா என்றும் சொல்லாது.

அம்மாவிடம் 2021 அக்டோபர் நோட்டை எடுக்கச் சொன்னேன். அப்போது 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் என்று வைத்துக்கொள்வோம். 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு 6.77 சதவீதம். 2023 அக்டோபரில் 4.87. 2024 அக்டோபரில் 6.21. 2025 அக்டோபரில் 0.25. ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருக்கிக்கொண்டே வந்தால், அந்த 100 ரூபாய்ச் சாமான் 2025 அக்டோபரில் 119 ரூபாய். கடைசி ஒரு வருடம் அந்த ஏற்றம் ஏறக்குறைய நின்றிருக்கிறது. ஆனால் ஏறிய 19 ரூபாய் இறங்கவில்லை. டிவி சொன்னது கடைசிப் படியின் உயரத்தை. அம்மா மூச்சு வாங்குவது நாலு படியும் சேர்த்து ஏறியதால்.

அந்தக் கடைசிப் படி ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 2024 அக்டோபரில் காய்கறி விலை அதற்கு முந்தைய வருடத்தைவிட 42 சதவீதம் கூடியிருந்தது. தக்காளி, வெங்காயம், உருளை எல்லாமே. அந்த உச்சத்தோடு ஒப்பிட்டால் 2025 அக்டோபரில் காய்கறி 27 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருக்கிறது. கேட்க எவ்வளவு பெரிய இறக்கம்! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 ரூபாய் 142 ஆகி, அதிலிருந்து இறங்கி ஏறத்தாழ 103க்கு வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தோம், அதற்குக் கொஞ்சம் மேலே. அம்மாவின் நோட்டிலும் அப்படியேதான் இருக்கிறது. 2024ஆம் வருடத்துப் பக்கத்தில் தக்காளி வரியின் கீழே அழுத்திக் கோடு போட்டிருக்கிறார். 2025இல் கோடு இல்லை.

தக்காளி என்றதும் 2023 ஜூலை ஞாபகம் வருகிறது. கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போய், சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கம் தக்காளி விற்ற மாதம் அது. அந்த மாதத்து விலைவாசி உயர்வு 7.44 சதவீதம். அன்றைக்கு டிவியில் எண்ணைச் சொன்னபோது அம்மா சந்தேகப்படவே இல்லை. "பின்னே இருக்காதா" என்றார். நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிற எண்ணை நம்பிவிடுகிறோம், ஒத்துப்போகாததைப் பொய் என்கிறோம். இரண்டும் ஒரே முறையில்தான் எடுக்கப்படுகின்றன. நாடு முழுக்க 310 ஊர்களில் 1,114 சந்தைகள், 1,181 கிராமங்கள் என்று ஆட்கள் போய் விலை கேட்டு எழுதிவந்தார்கள். மாதாமாதம், அதே கடைகளில். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

சரி, எழுதிவந்த விலைகளை எப்படிக் கூட்டுகிறார்கள்? இங்கேதான் அம்மாவின் நோட்டும் அரசாங்கத்தின் நோட்டும் பிரிகின்றன. ஒரு சராசரிக் குடும்பம் 100 ரூபாய் செலவு செய்தால் எதற்கு எவ்வளவு போகும் என்று 2025இல் ஒரு பங்கீடு வைத்திருந்தார்கள். உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 ரூபாய். துணிமணி, செருப்புக்கு 6.53. மருத்துவத்துக்கு 5.89. படிப்புக்கு 4.46. வீட்டுக்கு 10.07. இந்தப் பங்கீடு 2011-12இல் எடுத்த செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அந்த வருடத்து நோட்டைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். போனுக்கு மாதம் ஒரு ரீசார்ஜ், அதுவும் அப்பாவின் போனுக்கு மட்டும். இப்போது வீட்டில் நாலு போன். 2023-24இல் எடுத்த கணக்கெடுப்பின்படி நகரத்துக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 40 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதனால்தான் 2024ஐ ஒப்பிடும் அடிப்படை ஆண்டாக வைத்துப் புதுக் கணக்கு வரிசையை 2026 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். தேவையான மாற்றம், தாமதமாக வந்தது.

எங்கள் வீட்டுச் செலவை அதே மாதிரி 100 ரூபாயாகப் பிரித்துப் பார்த்தேன். மருந்து, டாக்டர், பரிசோதனைக்கு 14 ரூபாய். அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அப்பாவின் இதய மாத்திரையும் அதில் வரும். என் பெண்ணின் பள்ளிக் கட்டணமும் வேனும் சேர்ந்து 17. காய்கறி மலிவானதால் அரசாங்கத்தின் சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்த ஆறுதலில் பாதிகூட எங்களுக்குக் கிடைக்காது, ஏனென்றால் எங்கள் பணம் போகிற இடம் வேறு. மாறாக, உணவுக்கே பெரும்பங்கு செலவழிக்கிற டெய்லர் அண்ணன் குடும்பத்துக்கு இந்த 0.25 என் குடும்பத்தைவிட நெருக்கமான எண். அவருக்கு இதைச் சொன்னபோது யோசித்துவிட்டு, "ஆமாங்க, காய் மலிவுதான்" என்று ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று. அதே அக்டோபரில் கேரளத்தின் விலைவாசி உயர்வு 8.5 சதவீதத்துக்கும் மேல். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளம், இங்கிருந்து சில மணி நேரப் பயணம். இந்தியாவுக்குக் கால் சதவீதம், கேரளத்துக்கு எட்டரை. காரணத்தில் பெரும்பகுதி தேங்காய் எண்ணெயும் தங்கமும். தேங்காய் எண்ணெய் விலை ஒரு வருடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சமையலே அதில்தான் என்கிற ஊருக்கு அது எப்படி இருந்திருக்கும்! தங்கமோ அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் அந்த மாதம் "விலைவாசி ஏறவில்லை" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

விலைவாசியில் என்னை உண்மையாகவே உறுத்துவது வாடகைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வேலை. இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல் என் மேசை வழியாகத்தான் போகிறது.

திருப்பூரில் வேலையை நாள் கணக்கில் சொல்வதில்லை, ஷிப்ட் கணக்கில் சொல்வோம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை தைத்தால் ஒன்றரை. ஆர்டர் நன்றாக இருக்கிற காலத்தில் ஆறு நாளும் ஒன்றரை போட்டு வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் எடுப்பார்கள். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதியிலிருந்து பல இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. சில கம்பெனிகளில் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள், சிலவற்றில் விலையைக் குறைத்துக் கேட்டார்கள். எங்கள் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பட்டியலில் ஒன்பதுகள் ஆறாயின, ஆறுகள் நாலரை ஆயின. டெய்லர் அண்ணன் வேலை பார்ப்பது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்; அங்கே இரண்டு வாரம் மூன்று ஷிப்ட்தான் கிடைத்தது.

இப்போது தேசிய எண்ணைப் பாருங்கள். வேலையின்மை விகிதம் ஆகஸ்டில் 5.1 சதவீதம், செப்டம்பரில் 5.2, அக்டோபரில் 5.2. அசையவே இல்லை.

ஏன் அசையவில்லை? தொழிலாளர் கணக்கெடுப்பில் கேட்கிற கேள்வியைப் படித்தால் புரியும். மாதாந்தர எண்ணுக்குக் கடந்த ஏழு நாட்களைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால், நீங்கள் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரம். மூன்று ஷிப்ட் என்பது 24 மணி நேரம். டெய்லர் அண்ணன் அந்தக் கணக்கில் 24 தடவை தேர்ச்சி பெற்றவர்.

இது நம் அரசாங்கம் தனக்கு வசதியாகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த முறை அது, பெரும்பாலான நாடுகளில் அதுவேதான். முழுநேர வேலையும் மாதச் சம்பளமும் வழக்கமாகிவிட்ட ஊர்களில் அந்த அளவுகோல் ஓரளவுக்கு வேலை செய்யும். வேலை போனால் அங்கே உதவித்தொகை இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடலாம். இங்கே வேலை இல்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? வீட்டில் வேறு வருமானம் இருந்தால்தான் முடியும். மற்றவர்கள் கிடைத்ததைச் செய்வார்கள். தைத்த துணியில் பிசிறு வெட்ட பண்டல் வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து வெட்டுவார்கள். தள்ளுவண்டி போடுவார்கள். ஊருக்குப் போய் அண்ணன் தோட்டத்தில் கூடமாட வேலை செய்வார்கள். அத்தனை பேரும் கணக்கில் வேலையில் இருப்பவர்கள்.

இதற்கு என்னிடம் இருக்கிற மிகத் தெளிவான சாட்சி கொரோனா காலம். 2020 மே மாதம் திருப்பூர் ரயில் நிலையத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பீகார், ஒடிசாப் பிள்ளைகள், தோளில் ஒரு பை, கையில் தண்ணீர் பாட்டில், சிறப்பு ரயிலுக்காக வெயிலில் வரிசையில் நின்றார்கள். மெஷின்கள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்தின் வருடாந்தர வேலையின்மை விகிதம் எவ்வளவு தெரியுமா? 2018-19இல் 5.8 சதவீதம். 2019-20இல் 4.8. 2020-21இல் 4.2. குறைந்திருக்கிறது!

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அதே அறிக்கைகளில் இன்னொரு அட்டவணையைப் பார்த்தேன். வேலையில் இருப்பவர்களில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதம், 2019-20இல் 45.6, 2020-21இல் 46.5. பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்த பங்கு திரும்பி ஏறியிருக்கிறது. அந்த ரயில்களில் ஏறிப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பது அங்கே இருக்கிறது. எண்ணை எடுத்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. தலைப்பில் வந்த எண் ஒரு பக்கம், உண்மையைச் சொல்கிற அட்டவணை வேறொரு பக்கம்.

அன்றிலிருந்து நான் வேலையின்மை விகிதத்தை முதலில் பார்ப்பதை விட்டுவிட்டேன். யார் எந்த மாதிரி வேலையில் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். 2017-18இல் வேலையில் இருந்தவர்களில் 52.2 சதவீதம் பேர் சுயதொழில். 2023-24இல் 58.4 சதவீதம். சுயதொழில் என்றால் கடை முதலாளி என்று மட்டும் நினைக்க வேண்டாம். கணவரின் கடையிலோ தோட்டத்திலோ சம்பளம் இல்லாமல் உழைக்கிற பெண்ணும் அதில் அடக்கம். அதே ஆறு வருடத்தில் வேலையில் இருக்கிற அல்லது வேலை தேடுகிற பெண்களின் விகிதம் 23.3இலிருந்து 41.7 சதவீதமாக ஏறியிருக்கிறது. இது நல்ல செய்தியா? ஒரு பங்கு நிச்சயமாக நல்ல செய்தி. முன்பு எண்ணாமல் விட்ட உழைப்பு இப்போது கணக்கில் வருகிறது என்பதும் நல்லதே. ஆனால் மாதச் சம்பளத்துக்குப் போகிற பெண்கள் இரண்டு மடங்கு ஆகிவிட்டார்கள் என்று அதை யாராவது படித்தால், தவறாகப் படிக்கிறார்கள்.

இன்னொரு சிறு விஷயம், பலர் கவனிக்காதது. 5.2 சதவீதம் என்பது நூறு பேரில் ஐந்து பேர் இல்லை. 15 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரை எடுத்தால், வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து சுமார் 55 பேர். அந்த 55இல்தான் 5.2 சதவீதம், அதாவது மூன்று பேருக்கும் குறைவு. மீதி 45 பேரில் படிக்கிறவர்கள், முதியவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் எல்லாம் உண்டு. தேடித் தேடி அலுத்துப்போய்த் தேடுவதை நிறுத்திவிட்டவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் காம்பவுண்டில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். இன்ஜினியரிங் முடித்தவன். இரண்டு வருடம் தேடினான், இப்போது எங்கேயும் விண்ணப்பிப்பதில்லை. அவன் தேடிக்கொண்டிருந்தவரை வேலையற்றவன். விட்டுவிட்ட அன்று முதல் அவன் அந்த விகிதத்தில் இல்லை.

அண்ணன் கேட்டார், "அப்ப எங்க கஷ்டத்த எந்தக் கணக்குலயுமே எழுதறதில்லைங்களா?" எழுதுகிறார்கள். கணக்கெடுக்க வருகிறவர் ஏழு நாளும் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறார், இன்னும் கூடுதல் நேரம் வேலை செய்யத் தயாரா என்றும் கேட்கிறார். அந்தத் தகவல் எல்லாம் பெரிய அறிக்கையின் உள்ளே இருக்கிறது. மாதாமாதம் செய்தியில் வருவது மட்டும் ஒரே ஓர் எண். வேலையின்மை விகிதத்துக்குப் பக்கத்தில், சராசரியாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது என்கிற எண்ணையும் தலைப்பிலேயே போட வேண்டும் என்பது என் ஆசை. திருப்பூர் மாதிரி ஊரில் ஆள்குறைப்பு கடைசியாக வரும். ஷிப்ட் முதலில் குறையும்.

இனி வீடு. இதில் மூன்று தனித்தனி விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: வாடகை, வீட்டு விலை, கடன் வட்டி.

வீடு வாங்குகிற விலை விலைவாசிக் கணக்கில் வராது. அது முதலீடு, அன்றாடச் செலவு இல்லை என்று வைத்திருக்கிறார்கள். தங்கம் கணக்கில் வரும், மனை வராது. வீட்டு விலைக்கு ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒரு முறை தனிக் குறியீடு வெளியிடுகிறது. சென்னை அதில் உண்டு, திருப்பூர் இல்லை. அது பத்திரப்பதிவில் எழுதப்பட்ட தொகைகளை வைத்து எடுப்பது. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிலும் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கிறது, பத்திரப்பதிவுக்கு அரசாங்கம் நிர்ணயிக்கிற குறைந்தபட்ச மதிப்பு. 2017 ஜூனில் அரசாங்கம் அதை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. 2023இல் மதிப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம் சேர்த்து இப்போது 9. பத்திரத்தில் எழுதும் தொகை இந்த ஆணைகளோடு சேர்ந்து ஏறி இறங்கும். மனையின் உண்மையான விலை ஒரு ரூபாய்கூட மாறாமல் இருந்தாலும் ஏறி இறங்கும். அதனால் வீட்டு விலைக் குறியீட்டை நான் வருடக்கணக்கில் சேர்த்துப் பார்ப்பேன். ஒரு காலாண்டில் இரண்டு சதவீதம் கூடியது, ஒன்று குறைந்தது என்பதில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

வட்டி அப்படி இல்லை. அது நேராக வீட்டுக்குள் வருகிறது. 2021இல் வீட்டுக்காக 20 லட்சம் கடன் வாங்கினேன். இருபது வருடம், 7 சதவீதம், மாதத் தவணை 15,506 ரூபாய். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டியான ரெப்போ அப்போது 4 சதவீதம். அது ஏறினால் நம் வீட்டுக் கடன் வட்டியும் ஏறும். 2022 மே மாதத்திலிருந்து விலைவாசியைக் கட்டுப்படுத்த அதை ஏற்றிக்கொண்டே போய், 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கினார்கள். தவணைத் தொகை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். 2022 கடைசியில் வங்கியின் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கடன் முடியும் வருடம் 2041 என்றிருந்தது 2048 ஆகியிருந்தது. எனக்கு அப்போது 64 வயது இருக்கும். தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்குப் பார்க்கிற எனக்கே இது தாமதமாகத்தான் தெரிந்தது என்பது இன்றும் வலிக்கிறது.

இதன் கணக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 20 லட்சம், இருபது வருடம், 7 சதவீதம். வட்டி 8 ஆகிறது, தவணையோ அதே 15,506 என்றால், இருபது வருடக் கடன் ஏறத்தாழ 24 வருடம் 8 மாதம் ஆகிவிடும். வட்டி 8.5 என்றால் 29 வருடத்தை நெருங்கும். தவணையை 16,729 ஆக்கியிருந்தால் 8 சதவீதத்திலும் இருபது வருடத்திலேயே முடிந்திருக்கும். மாதம் 1,223 ரூபாய் வித்தியாசம். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்த்தா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போட்டது. இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டுக் கடன் இருந்தால், இன்றைக்கே கடன் முடியும் தேதியை எடுத்துப் பாருங்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ரெப்போவை 6.5இலிருந்து 5.5க்கு இறக்கினார்கள். விலைவாசி உயர்வு 4 சதவீத இலக்கை நோக்கி இறங்கியதால்தான் இறக்க முடிந்தது. அம்மாவிடம் இதையும் சொன்னேன். காய்கறி மலிந்ததால் வந்த அந்தக் கால் சதவீதம் அவர் நோட்டின் காய்கறி வரியோடு நிற்காது, தவணை வரிக்கும் வந்து சேரும். தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று இந்தத் தடவை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாடகை பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 2025இல் இருந்த விலைவாசிக் கணக்கில் வீட்டுக்கு 10.07 சதவீதம் என்பது நகரம், கிராமம் இரண்டும் சேர்ந்த சராசரி. நகரத்துக்கு மட்டும் 21.67. கிராமத்துக்குப் பூஜ்யம். கிராமத்தில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்பது பழைய எண்ணம். திருப்பூரைச் சுற்றியிருக்கிற ஊராட்சிகளில் வந்து பாருங்கள். தென்னந்தோப்பு ஓரத்தில் வரிசையாகப் பத்து, இருபது ஒற்றை அறைகள், மேலே சிமெண்ட் அட்டை, கடைசியில் பொதுக் கழிப்பறை. லைன் வீடு என்போம். பனியன் கம்பெனிகளுக்கு ஆள் தருகிறவையே இந்த வீடுகள்தாம். அந்த இடம் கணக்கில் கிராமம் என்றிருந்தால், அங்கே குடியிருக்கிறவர் கொடுக்கும் வாடகை அந்த விலைவாசிக் கணக்குக்குத் தெரியாது. அட்வான்ஸ் பணமும் அப்படித்தான். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. லைன் வீடுகளில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒரு வருடச் சேமிப்பு வட்டியில்லாமல் முடங்கிக் கிடப்பதும் ஒரு செலவுதான், அது எங்கும் பதிவாவதில்லை.

அந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெய்லர் அண்ணன் மறுபடி வந்தார். அம்மா அடுக்கில் எழுதாமல் கிடந்த ஒரு நீள நோட்டைத் துடைத்து அவரிடம் கொடுத்து, "வாரா வாரம் எழுதுங்க தம்பி. ஷிப்டு எத்தன, கடைக்கு எவ்வளவு, அத மட்டும் எழுதுனா போதும்" என்றார். அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து பேனா வாங்கி எழுதினார். நவம்பர் மூன்றாவது வாரம், நாலரை ஷிப்ட். எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"தை பொறந்தா வாடகை 300 ஏத்தறேன்னு ஓனர் சொல்லிட்டாருங்க அம்மணி. அது அவங்க கணக்குல எப்ப வருமுங்க?"

வாடகை விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள், தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும், அதுவும் நகரக் கணக்கில் வருகிற வீடுகளில் மட்டும் என்று சொன்னேன். நம் காம்பவுண்டு அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நோட்டில் ஒரு பக்கம் தள்ளி, மேலே தை என்று எழுதி, அதன் கீழே 300 என்று போட்டு, இரண்டு தடவை அடிக்கோடு இழுத்தார்.